புளிக்காத கூழ்

பானை மேஜைமேல் வந்து இறங்கிய வேகத்தில் கதுங்கேயின் தேநீர் பாதி தட்டில் கொட்டியது.

"யாரோ எனக்குச் செய்வினை வச்சிருக்காங்க," என்றாள் பானையைத் தூக்கி வந்த கலோண்டு. "யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுக்கா."

"செய்வினைன்னா ரெண்டாவது மாடி," என்றான் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த முசெம்பி. "நாங்க முதல் மாடி. காணாமப்போன புருஷன், காணாமப்போன லாரி, அவ்வளவுதான்."

அந்தக் கட்டடத்துக்கு இரண்டாவது மாடியே கிடையாது. கீழே டயர் கடை, மேலே கதுங்கேயின் ஒற்றை அறை, அதற்கும் மேலே தகரக் கூரை. மவேனி ஊரில் போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் வந்து உட்காருவார்கள். கதுங்கே ஐம்பதைத் தாண்டியவள். அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். தான் எழுதுகிற அறிக்கைகள் எல்லாம் அலமாரியில் குறட்டை விடுகின்றன என்று தெரிந்த நாளில் வேலையை உதறிவிட்டு, துப்பறிய வந்துவிட்டாள். அவளுக்கு உதவியாளான முசெம்பி அதற்கு முன்னால் மட்டாட்டு என்கிற பயணி வேனில் கண்டக்டர். ஓடுகிற வேனின் படியில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்ட வாய் அது. வேனை விட்டுப் பல வருஷம் ஆகியும் வாய் இன்னும் படியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு, நிதானமா சொல்லு," என்றாள் கதுங்கே.

கலோண்டு மூடியைத் திறந்தாள். ராத்திரி கரைத்து வைத்த கேழ்வரகு மாவு. விடிந்தால் நுரைத்து, புளித்து, மூக்கைச் சுண்டி இழுக்க வேண்டும். பாலத்தடியில் அவள் காய்ச்சி விற்கும் கூழுக்கு ஆலைத் தொழிலாளிகள் வரிசையில் நிற்பதே அந்தப் புளிப்புக்காகத்தான். இந்தப் பானையிலோ மாவு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து, சலனமில்லாமல் கிடந்தது.

"மாவை மாத்திப் பாத்தேன். பானையை மாத்திப் பாத்தேன். எதிர்க் கடை ண்டானுகிட்ட மானத்தை விட்டு அவ பழைய கூழை உறைக்கு வாங்கி ஊத்தியும் பாத்தேன். அசையல. சில நாள் நல்லா புளிக்குது, சில நாள் இப்படிச் செத்துக் கிடக்குது. ஜனம் எல்லாம் ண்டானு கடைக்குப் போயிடுச்சு. அவதான்கா. அவ கண்ணுதான்."

"ண்டானு எங்கேருந்து தண்ணி எடுக்கிறா?"

"கைவண்டிக்காரன்கிட்ட வாங்குறா. நான் ஆத்துத் தண்ணிதான். கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் கரைப்பேன். என் மாமியார் காலத்துலேருந்து அப்படித்தான்."

கதுங்கே பானைக்குள் குனிந்து பார்த்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. முசெம்பி தொண்டையைச் செருமினான்.

"மும்புவா கால் எப்படி இருக்கு?" என்று பானையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்.

கலோண்டுவின் முகம் சுருங்கியது. அவள் மகள் மும்புவா ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது தகரம் கீறி, சின்னப் புண்ணாக ஆரம்பித்தது. இப்போது முழங்கால் வரை வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காய்ச்சல் ஏறிய அன்று அவளைத் தன் மோட்டார் பைக்கில் தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்தவன் முசெம்பிதான்.

"மருந்து மாத்தி மாத்திக் குடுக்கிறாங்க. எதுவும் கேக்கல. டாக்டர் காலை எடுக்கணுமோன்னு பேச ஆரம்பிச்சுட்டாரு." கலோண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையிலிருந்து குடுவையை எடுத்தாள். "இது முந்தாநாள் நல்லா வந்த கூழு. தம்பி, ஒரு கோப்பை குடி."

"ஐயோ வேண்டாம்கா, வயிறு சரியில்ல."

"மழை முடிஞ்சதுலேருந்து உனக்கு வயிறு சரியில்லையா? முன்னாடி எல்லாம் ரெண்டு கோப்பை குடிச்சிட்டு மூணாவதுக்குக் கண்ணடிப்பே."

"வயசாகுதுக்கா. காதல் எல்லாம் குறைஞ்சு போச்சு."

கலோண்டு சிரித்துவிட்டாள். அழுதுகொண்டு வருகிறவர்களையும் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான். அதற்காகவே கதுங்கே அவனை வைத்துக்கொண்டிருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

கலோண்டு படியிறங்கிப் போனதும் கதுங்கே நாற்காலியில் சாய்ந்தாள்.

"முசெம்பி, கூழைப் புளிக்க வைக்கிறது எது?"

"கடவுள். இல்லைன்னா கலோண்டு அக்காவோட கோபம்."

"கிருமி. நல்ல கிருமி. அது செத்துப்போனா கூழ் அப்படியே கிடக்கும். சரி, அவ மக கால்ல இருக்கிறது என்ன?"

"கெட்ட கிருமி."

"அதைக் கொல்லத்தான் மருந்து. அது சாகல. பானையில இருக்கிறது செத்துப்போகுது, புண்ணுல இருக்கிறது சாக மாட்டேங்குது. ரெண்டுக்கும் ஒரே ஆத்துத் தண்ணி. ஏன்?"

முசெம்பி ஜன்னல் வழியே கீழே டயர் கடையை எட்டிப் பார்த்தான்.

"ஆத்துல மருந்து கலந்து வருது," என்றாள் கதுங்கே. "கிருமிக்கொல்லி மருந்து. பானைக்குள்ள இருக்கிற அப்பாவிக் கிருமிக்கு அது புதுசு, செத்துப்போகுது. ஆத்துல இருக்கிறது தினம் அதைக் குடிச்சுக் குடிச்சுப் பழகிப்போச்சு. அதே மருந்தை டாக்டர் ஊசியில ஏத்தினா, அது ஏப்பம் விட்டுட்டுப் படுத்துக்குது."

ஊருக்கு மேற்கே, ஆத்தி ஆற்றின் கரையில், மருந்து ஆலை இருந்தது. அதன் கழிவுக் குழாய்க்கு எதிராக அவள் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறாள். ஆலைகள் வெளியேற்றும் தண்ணீரில் நிறமும் நாற்றமும் அமிலமும் மட்டும் பார்த்தால் போதாது, மருந்தும் பார்க்க வேண்டும் என்று புது விதி வரும்வரை விடவில்லை. அந்த விதிக்காக நடந்த பொது விசாரணையில் மண்டபம் நிறையச் சனம் வந்ததென்றால் அதற்கு முசெம்பிதான் காரணம். ஓசியில் வேன் வேனாக ஏற்றி வந்து இறக்கினான். விதி வந்தது. ஆலை சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. கதுங்கே தன் வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒன்றைத்தான்.

"விதியை மீறுறாங்க," என்றாள். "குழாயில திருட்டுத்தனம் பண்றாங்க. பிடிக்கணும்."

*

பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினால் முடிவு வருவதற்குள் மும்புவாவின் கால் போய்விடும். அதனால் கதுங்கே கடைக்குப் போய்க் கேழ்வரகு மாவும் கண்ணாடிச் சீசாக்களும் வாங்கி வந்தாள்.

"ஆத்துல வேற வேற இடத்துத் தண்ணி. எல்லாத்தையும் கொதிக்க வச்சு ஆற வைப்போம். ஒரே மாவு, ஒரே உறை. எந்தச் சீசா புளிக்கலையோ அங்கேதான் திருடன்."

"உலகத்துலயே கூழைச் சாட்சிக் கூண்டுல ஏத்துற ஒரே துப்பறிவாளர் நீங்கதான் மேடம்," என்றான் முசெம்பி. "குறுக்கு விசாரணையில பொங்கிடாம பாத்துக்குங்க."

அன்று பகல் முழுக்க பைக்கில் ஆற்றோரமாகவே சுற்றினார்கள். ஆலைக்கு மேலே ஒரு சீசா. ஆலைக் குழாய் ஆற்றில் விழும் வாயிலேயே ஒன்று. சந்தைப் பாலத்தடியில் ஒன்று. ஊர்ச் சாக்கடை வந்து சேரும் கழிவுக் குட்டைகளுக்குக் கீழே ஒன்று. கடைசியாகக் கலோண்டு குடம் முக்கும் துறையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் முசெம்பியே பேர் எழுதி ஒட்டினான். டயர் கடை அடுப்பின் சூடு தரை வழியாக ஏறும் மூலையில் சீசாக்களை வரிசையாக வைத்துவிட்டுக் கதுங்கே வீட்டுக்குப் போனாள்.

காலையில் அறையைத் திறந்தபோது புளித்த வாசனை முகத்தில் அடித்தது. ஆலைக்கு மேலே எடுத்தது நுரைத்திருந்தது. நியாயம்தான். அடுத்த சீசாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆலைக் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும்விட ஜோராக நுரைத்து, மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. பாலத்தடிச் சீசாவும் புளித்திருந்தது. குட்டைகளுக்குக் கீழே எடுத்ததும் கலோண்டுவின் துறையில் எடுத்ததும்தான் செத்துக் கிடந்தன.

"குழாய் சுத்தம்," என்றாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"பாத்தீங்களா, ஆலைக்காரன் யோக்கியனாயிட்டான்." முசெம்பி சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மேடம், இது நம்ம ஜனத்தோட வேலை. மாத்திரை முழுங்குறோம், கக்கூஸ் போறோம், அது குட்டைக்குப் போகுது, குட்டை ஆத்துக்குப் போகுது. மவேனி மொத்தமும் குற்றவாளி. எல்லாரையும் கைது பண்ண நம்ம பைக் பத்தாது. கேஸை மூடிடலாம்."

கதுங்கே அவனைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சில் தவறில்லை. ஊர்க் கழிவில் மருந்து இருக்கத்தான் செய்யும். ஆனால் கேஸை மூடுகிற அவசரம் ஒருநாளும் அவனிடம் இருந்ததில்லை. மூடின கேஸையே நாலு தடவை திறந்து நகைச்சுவை தேடுகிறவன்.

"ஜனம் தினமும்தான் கக்கூஸ் போகுது," என்றாள். "கூழ் சில நாள் மட்டும் ஏன் சாகுது?"

கலோண்டுவைப் போய்க் கேட்டார்கள். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சந்தை கூடும் நாளில் சாயங்காலம் எடுக்கிற தண்ணீர்தான் வம்பு செய்கிறது, அதற்கு மறுநாளும் கொஞ்சம், பிறகு சரியாகிவிடுகிறது என்றாள்.

"அப்போ சந்தை நாள்ல குட்டைக்கு யாரோ விருந்தாளி வர்றான்," என்றாள் கதுங்கே. "நாமளும் போவோம்."

*

சந்தை நாள் காலையில் முசெம்பிக்கு ஆயிரம் வேலை இருந்தது. மச்சினிக்கு உடம்பு சரியில்லை என்றான். பைக்கில் பிரேக் சரியில்லை என்றான். கதுங்கே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டதும் வேறு வழியில்லாமல் கிளப்பினான். குட்டைகளின் வாசலுக்கு வந்ததும் ஒரு கருவேல மரத்தடியில் பைக்கைச் சாய்த்தான்.

"நீங்க போங்க மேடம். என் மூக்குக்கு இன்சூரன்ஸ் கிடையாது."

உள்ளே அகலமான குட்டைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் ஆற்றில் இறங்கின. கரையெல்லாம் வழுக்கைத் தலை நாரைகள், கோட்டு போட்ட வக்கீல்கள் மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு நின்றன. காவலாளி முலே ஒரு ரேடியோவோடு நிழலில் உட்கார்ந்திருந்தான். கதுங்கேயைப் பழைய அதிகாரி என்று அவனுக்குத் தெரியும். நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"என்ன பாக்கணும் மேடம்?"

"சும்மா. பறவை பாக்க வந்தேன்."

கக்கூஸ் உறிஞ்சும் டேங்கர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வண்டி திரும்பும்போதே நாரைகள் தத்தித் தத்தி ஓடிவரும். குழாயைத் திறந்ததும் இறக்கையால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அலகை நீட்டும். புழுவோ, பூச்சியோ, ஏதோ ஒன்று கிடைக்கிறது. வண்டி போனதும் மறுபடி வக்கீல்களாகிவிடும். கதுங்கே வேறெதையும் பார்க்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒரு நீல டேங்கர் உள்ளே வந்தது. மற்ற வண்டிகளைப் போலவேதான். அதே குழாய், சக்கரத்தில் அதே சேறு. நாரைகள் மட்டும் அசையவில்லை. ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.

கதுங்கே எழுந்து நடந்தாள். குழாயிலிருந்து மஞ்சளாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. கக்கூஸ் நாற்றம் இல்லை. நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு வாசனை. மாத்திரையை மென்றுவிட்டால் வருமே, அது.

டிரைவர் நல்ல பையனாக இருந்தான். கேட்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"மருந்து ஆலையிலேருந்துதானே?"

"ஆமா மேடம்." மறைக்க எதுவும் இல்லாதவனின் குரல். "பாத்திரம் கழுவுற தண்ணி. அவங்க புது நிலையத்துல எல்லாத்தையும் சுத்தம் பண்ண முடியலையாம். முடியாததை நாங்க எடுத்துட்டு வர்றோம்."

"இது தப்பில்லையா?"

"இல்லியே." அவன் சிரித்தான். "ஆலையிலேருந்து ஆத்துக்கு நேரா போற குழாய்க்குத்தான் மேடம் அந்த மருந்து விதி. ஊர்க் குட்டைக்கு அது கிடையாது. எங்க முதலாளி அழகா சொல்லுவாரு. குழாயில போனா சட்டம் முழிச்சுக்கும், சக்கரத்துல போனா சட்டம் தூங்கிடும்."

கதுங்கேயின் காதில் ரேடியோ சத்தம், நாரைகளின் இறக்கைச் சத்தம் எல்லாம் நின்றுபோயின.

அந்த வாக்கியம் அவளுடையது.

விதி வந்த அன்றைக்குச் சந்தைத் திடலில் ஆடு சுட்டு, ஊரே ஆடிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து விதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. அதிகாரிகளிடம் அதைச் சொன்னபோது அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த வார்த்தைகளில், அந்த எரிச்சலில், அவள் சொன்னது ஒரே ஒருவனிடம்தான். கறித்தட்டை நீட்டியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனிடம்.

"உங்க முதலாளி யாரு?" என்று கேட்டாள். கேட்காமலே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"வண்டி அவங்க வீட்டம்மா பேர்ல இருக்கு மேடம். ஆனா எல்லாம் அவர்தான். முன்னாடி மட்டாட்டுல கண்டக்டரா இருந்தவரு. ரொம்பத் தமாஷா பேசுவாரு."

*

முசெம்பி மரத்தடியில் சுட்ட சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மேடம், விருந்தாளி வந்தானா?"

"வந்தான். நல்ல பையன். உன்னை ரொம்பப் புகழ்ந்தான்."

சோளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அவன் இன்னைக்கு வரக்கூடாதுன்னு நீ போன் பண்ணலையா?"

"பண்ணினேன்," என்றான் சோளத்தைக் கீழே வைத்துவிட்டு. "ஆலையில சிரிச்சாங்க. சட்டப்படி நடக்கிறதை எதுக்கு ஒளிக்கணும்னு கேட்டாங்க."

கதுங்கே பைக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எப்படி ஆரம்பிச்சுது?"

"ஒரு கல்யாணத்துல மேடம். ஆலை மேனேஜர் என் மேஜையில உக்காந்திருந்தாரு. புலம்பினாரு. விதி கழுத்தை நெரிக்குது, ஆளைக் குறைக்கப் போறோம்னாரு. நான் ஒரு தமாஷுக்கு நீங்க சொன்னதைச் சொன்னேன். மேஜையே சிரிச்சுது. அவரு மட்டும் சிரிக்கல. மறுநாள் கூப்பிட்டு விட்டாரு."

"தமாஷு."

"சத்தியமா தமாஷுதான். அப்புறம் டேங்கர் வாங்கக் கடன் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாங்க. நான் எடுத்துட்டுப் போகலைன்னா வேற எவனாவது எடுத்துட்டுப் போவான் மேடம். சட்டத்துல ஓட்டை போட்டது நானா?"

"கலோண்டு கூழை எப்போ நிறுத்தினே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மழை முடிஞ்சப்போ," என்றாள் அவளே. "முதல் வண்டி வந்த அன்னைக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தத் தண்ணி வாயில படக்கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. உன் வாயை மட்டும் பாத்துக்கிட்டே. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ மக அந்தத் துறையில இறங்கித் துணி துவைக்கும்போது சொல்லல. காய்ச்சலோட அவளை பைக்ல தூக்கிட்டுப் போனியே, அப்போகூடச் சொல்லல."

"எப்படி மேடம் சொல்றது?"

அந்தக் கேள்வியில் நகைச்சுவை இல்லை. படியில் தொங்கிய வாய் முதல்முறையாகக் கீழே விழுந்துவிட்டிருந்தது. கதுங்கேக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"இப்போ சொல்லு," என்றாள். "அந்த வண்டியில என்னென்ன மருந்து வருது? டாக்டர் கிமேயு இருட்டுல துழாவிட்டு இருக்காரு. ஆத்துக் கிருமி எதுக்கெல்லாம் பழகியிருக்குன்னு தெரிஞ்சா, பழகாத மருந்தைக் குடுப்பாரு. கால் பொழைக்கும்."

"ஆலையில அதைச் சொல்லக்கூடாதுன்னு கண்டிப்பா..."

அவள் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

வாங்கினான். இரண்டு மருந்துகளின் பேரைச் சொன்னான். சிப்ரோ, டாக்சிசைக்ளின். டாக்டர் திரும்பச் சொல்லச் சொன்னார், திரும்பச் சொன்னான். நீங்க யாரு பேசறது என்று கேட்டபோது தன் பேரையும் சொல்லிவிட்டான். அந்த இரண்டையும்தான் இத்தனை நாளும் அந்தப் பெண்ணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம் என்றார் டாக்டர்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது முசெம்பியின் கண் கலங்கியிருந்தது.

"மேடம், நான் சொன்னேன்னு வெளியே தெரிய வேண்டாம். நமக்குள்ளயே இருக்கட்டும். ஆலைக்காரங்க என்னை அழிச்சிடுவாங்க."

"சரி," என்றாள் கதுங்கே.

ஊருக்கு நடந்தே திரும்பினாள்.

*

மருந்து மாற்றிய பிறகு மும்புவாவின் காய்ச்சல் இறங்கியது. வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. கால் தப்பியது. கலோண்டு ண்டானுவோடு சேர்ந்து கைவண்டித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். செய்வினை வைத்தது யார் என்று அவள் கேட்டபோது கதுங்கே, "ஆலையோட டேங்கர்," என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பைக்கில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் பேரை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

முசெம்பி அதன் பிறகு மாடிக்கு வரவில்லை. கதுங்கே விதியைத் திருத்தக் கோரி மனு கொடுத்தாள். சக்கரத்தில் போகிற கழிவுக்கும் மருந்துச் சோதனை வேண்டும், ஊர்க் குட்டை வாசலிலேயே வேண்டும் என்று. பொது விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவனைப் பார்த்தாள். ஆலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில், புதுக் கோட்டோடு இருந்தான். வண்டி முதலாளி என்ற முறையில் சாட்சி சொல்ல வந்திருந்தான். வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். தன் பக்கம் உட்காருவான் என்று.

"யாருக்கா அது, நம்ம முசெம்பியா?" என்றாள் பக்கத்தில் இருந்த கலோண்டு. "ஏன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கு?"

கதுங்கே பதில் சொல்வதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"என் வண்டியில வர்றது வெறும் கழுவின தண்ணி ஐயா," என்றான் விசாரணைத் தலைவரிடம். குரல் பழையபடி படியேறிவிட்டிருந்தது. "அதுல மருந்து இருக்கான்னு கேட்டா, எனக்கு என்ன தெரியும்? நான் டிரைவர்களை மேய்க்கிறவன். கூழ் புளிக்கலைன்னு இந்த அக்கா புகார் குடுத்திருக்காங்க. எங்க மாமியார் வைக்கிற கூழும்தான் ஒருநாளும் புளிச்சதில்ல. அதுக்கும் ஆலை மேல கேஸ் போட்டுடலாமா?"

மண்டபம் சிரித்தது. தலைவர்கூட மீசைக்குள் சிரித்தார். மட்டாட்டில் அவனோடு ஊர் ஊராகப் போனவர்கள், அன்றைக்கு அவன் ஏற்றி வந்து இறக்கிய அதே சனம், வாய்விட்டுச் சிரித்தது. கலோண்டு சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகத் திரும்பிக் கதுங்கேயைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

கதுங்கே எழுந்தாள். எழும்போதே தான் செய்யப்போவது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நம்பிச் சொன்னதை வெளியே விட்டு அவன் அவளுக்குச் செய்ததுதான் அது.

"ஐயா, ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் கிமேயு வந்திருக்காரு. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. மும்புவா கால்ல இருந்த கிருமி எந்தெந்த மருந்துக்குச் சாகாதுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டாக்டர் எழுந்து நின்றார். "எனக்குத் தானா தெரியல ஐயா. போன்ல ஒருத்தர் சொன்னாரு. டேங்கர்ல இந்த ரெண்டு மருந்தும் வருதுன்னு பேரோட சொன்னாரு. அந்த ரெண்டையும் நிறுத்தினோம். பொண்ணு பிழைச்சா."

"சொன்னது யாரு?" என்றார் தலைவர்.

டாக்டர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "முசெம்பின்னு பேர் சொன்னாரு. இப்போ பேசினாரே, இந்தக் குரல்தான்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆலை மேனேஜர் தன் நாற்காலியை அவனிடமிருந்து சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விதி திருத்தப்படும் வரை அந்த நீல வண்டி குட்டை வாசலைத் தாண்டக்கூடாது என்றும், பொய்ச் சாட்சி பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தைகளுக்காகவே வருஷக்கணக்கில் அலைந்தவள் கதுங்கே. இப்போது அவை அவள் காதில் சரியாக விழவில்லை.

முசெம்பி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். அவளையே பார்த்தான். கோபமில்லை. குட்டை வாசலில், கருவேல மரத்தடிக்கு நடந்து வந்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் அதில் பார்த்தாள்.

"சரின்னு சொன்னீங்களே மேடம்," என்றான் மெதுவாக.

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சொன்னேன்," என்றாள் கதுங்கே.